ஹீமோகுளோபிநூரியா: அழுத்தம் விழும் இடம்

அன்பு மகனுக்கு,

இவ்விடம் எல்லாரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. இவ்விடம் இருப்பது நான் ஒருவன். எனக்குச் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, அதற்காக மருந்துப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதே. போன ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில், உனக்கு மாமனார் ஆகப்போகிறவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. என் குரல். நான் வாசலில் நிற்கிறேன், என் குரல் கூடத்தில் பேசிக்கொண்டிருக்கிறது. இந்த அதிசயம் எல்லாத் தகப்பனுக்கும் வாய்க்காது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் எழுதுவேன், பொறுமையாகப் படி. நடுவில் பிழை கண்டால் திருத்திக்கொள். அது உனக்குக் கைவந்த வேலையாயிற்றே.

நீ கூடத்தின் நடுவில் நின்றிருந்தாய். சுற்றிலும் உன் சிநேகிதர்கள், பெண்ணின் அண்ணன்மார், ரயில்வே ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணிகள், எல்லார் கையிலும் தேநீர்க் கோப்பை. நீ கழுத்தை முன்னால் நீட்டி, இல்லாத டெலிபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, “தோட்டத்துல ஒரு டிரஸ்ஸர் இருக்காரு, அவரு டாக்டருக்கு ரிப்போர்ட் குடுக்கிறத நீங்க கேக்கணுமே” என்றாய். பிறகு என் தொண்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, “சார்! ஹீ, மோ, குளோ, பி, நூ, ரி, யா கேஸ் சார்!” என்று உலக்கையால் இடிப்பதுபோல் ஒவ்வோர் எழுத்தையும் இடித்தாய். ஒருத்தர் சிரித்த சிரிப்பில் தேநீர் சட்டையில் கொட்டியது. நீ நன்றாகத்தான் செய்தாய். அந்தத் திறமை உன் அம்மா வழி, எனக்கு யாரைப்போலவும் பேச வராது. சம்பந்திதான் என்னை முதலில் பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “வாங்க சம்பந்தி, வாங்க வாங்க, ஏன் வாசல்லயே நிக்கிறீங்க?” என்று எழுந்து வந்தார். கூடம் சட்டென்று அடங்கியது. அந்த அடக்கத்தில் எனக்கு ஒன்று தெரிந்தது. ‘ஒரு டிரஸ்ஸர்’ யார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். தெரியாதவன்போல் பேசியது நீ மட்டும்தான்.

புறப்படும்போது நீ கேட் வரைக்கும் வந்தாய். “சும்மா தமாஷுக்குலா அப்பா, மனசுல வச்சிக்காதீங்க” என்றாய். நான் தலையாட்டினேன். அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. நீ கேட் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டே, “இன்னொண்ணுப்பா. கல்யாணத்தன்னிக்கு சாயந்தரம் டீ பார்ட்டிக்கு வெள்ளக்காரங்க நாலு பேரு வராங்க. நீங்க இங்கிலீஷ்ல ஒண்ணும் பேச வேணாம். தமிழ்ல ரெண்டு வார்த்த சொல்லிட்டு உக்காந்துக்குங்க, போதும்” என்றாய். “சரிப்பா” என்றேன். கிள்ளான் ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் நெஞ்சு எரிய ஆரம்பித்தது. எனக்கு எப்போதும் கோபம் தாமதமாகத்தான் வரும். வந்தால் போகாது.

நீ என்னைப் பேசவேண்டாம் என்றது ஒரு பெரிய விஷயமில்லை. டீ பார்ட்டியில் நான் பேசினால் என்ன, பேசாவிட்டால் என்ன, கேக் வெட்டாமல் போகாது. கல்யாணம் முடிந்த கையோடு நீ கிள்ளானில் ரப்பர்த் தோட்டங்களுக்கு டாக்டராக உட்காரப்போகிறாய். மேரு ஊர்ப் பக்கத்துத் தோட்டங்கள் எல்லாம் உன் பொறுப்பில் வருகின்றன. அதில் நான் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிற டிரஸ்ஸராக இருக்கிற இந்தத் தோட்டமும் ஒன்று. இனிமேல் இங்கே கூலிகள் குடியிருக்கிற லயத்தில் யாருக்காவது காய்ச்சல் முற்றினால், ஆபீசுக்கு ஓடிப்போய் டெலிபோனைச் சுழற்ற வேண்டியவன் நான். அந்தப் பக்கம் எடுக்க வேண்டியவன் நீ. எடுத்துவிட்டு நீ என்ன செய்யப்போகிறாய் என்ற ஒரே கேள்விதான் என்னைப் பிடுங்கித் தின்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எனக்கு அந்தக் கவலை இல்லை. ஊரெல்லாம், “நம்ம பிள்ளையே வரான்பா, இனிமே பயமில்ல” என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நீ கேலி செய்தாயே, அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று கேள். நான் இங்கிலீஷை வெள்ளைக்காரன் வாயிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. வைத்தியப் புத்தகத்திலிருந்து, கண்ணால் கற்றுக்கொண்டவன். நீளமான சொல் வந்தால் தமிழ் எழுத்தில் எழுதி, துண்டு துண்டாகக் கோடு போட்டுப் பிரித்து வைத்துக்கொள்வேன். பிரித்தபின் ஒவ்வொரு துண்டுக்கும் அதற்குரியதைக் கொடுப்பேன். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை. டிரஸ்ஸர் அல்லவா, மாத்திரைக் கணக்கில் தப்பு வராது. நம் மொழியில் எழுத்து நீளும், குறுகும். ஆனால் ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு மற்றதையெல்லாம் நிற்கவைக்காது. இங்கிலீஷில் அப்படித்தான். தோட்டத்து ஆபீஸ் மாதிரி, அறையில் எத்தனை பேர் இருந்தாலும் நாற்காலி ஒன்றுதான். துரை உட்கார்ந்திருப்பார், பெரிய கிராணி, கங்காணி, நான் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு சுவரோரமாக நிற்போம். அந்த மொழியில் ஒரு துண்டை அழுத்திச் சொல்வான், மற்றதையெல்லாம் பாதியாக விழுங்கிவிடுவான். எதை அழுத்துவது, எதை விழுங்குவது என்று புத்தகத்தில் எழுதியிருக்காது. அது அவன் வீட்டில் பிறந்தவனுக்குத் தெரியும், இல்லாவிட்டால் உன்னைப்போல் அவன் பள்ளிக்கூடத்தில் வளர்ந்தவனுக்குத் தெரியும்.

அதிலும் அந்த நாற்காலி ஓரிடத்தில் நிற்காது. மைக்ரோஸ்கோப் என்றால் தலையில் ‘மை’யை அழுத்த வேண்டும். அதையே மைக்ராஸ்கோபி என்று நீட்டினால் அழுத்தம் ‘ராஸ்’ மேல் தாவும். மைக்ரோஸ்காபிக் என்றால் இன்னும் தள்ளி ‘ஸ்கா’வுக்குப் போய்விடும். பாரசைட்டுக்குத் தலையில் கனம். பாரசைட்டாலஜி என்று ஆனவுடன் கனம் வாலுக்கு அருகில் போய்விடும். பின்னால் ஒரு வால் ஒட்டியவுடனே சொல் தன் தலையை மறந்துவிடுகிறது என்று நான் கண்டுபிடித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இன்று உன் பெயருக்குப் பின்னால் இருக்கிற எழுத்துகளைப் பார்த்தால் அந்தப் பெருமை வரவில்லை. குத்திக்காட்டுகிறேன் என்று நினைப்பாய். ஆமாம், குத்திக்காட்டத்தான் செய்கிறேன்.

நீ என்னைத் திருத்தியதற்கு நான் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பிரிக்பீல்ட்ஸில் அத்தை வீட்டில் தங்கி இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு லீவுக்குத் தோட்டத்துக்கு வந்திருந்தாய். நான் ‘லேபரேட்டரி’ என்றேன். நீ வாயில் இட்லியை வைத்துக்கொண்டே, “அது லெபாரட்டரிப்பா, ‘பா’வ அழுத்தணும்” என்றாய். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. பெரிய கிராணியைத் தேடிப்போய், “என் மகன் என்னையே திருத்துறான் பாருங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர், “அடி குடுத்துத்தான் கத்துக்குடுக்கணும்னு சொல்லுவாங்க, உம்ம பிள்ள இட்லி தின்னுக்கிட்டே கத்துக்குடுக்கிறான் ஓய்” என்று சிரித்தார். திருத்துவது வேறு, ஒருத்தன் குரலை எடுத்து ஆட்டிக்காட்டுவது வேறு. திருத்துகிறவன் என்னைப் பார்த்துப் பேசுகிறான். ஆட்டிக்காட்டுகிறவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மற்றவனைப் பார்த்துப் பேசுகிறான். கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணிடமும் இந்த வித்தியாசத்தை மறந்துவிடாதே. அவளுக்கும் ஏதாவது ஒரு சொல் வாயில் வராமல் இருக்கும்.

இனி நான் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்த சங்கதிக்கு வருகிறேன். உன் அம்மா காய்ச்சலில் போனாள் என்றுதான் உனக்குத் தெரியும். அப்போது நீ அத்தை வீட்டில் இருந்தாய், சின்னப் பிள்ளை. எந்தக் காய்ச்சல் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டாக்டருக்குப் படித்த பிறகும் நீ கேட்கவில்லை. அது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

அவளுக்குக் குளிர்காய்ச்சல் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. கொயினா கொடுப்பேன், இறங்கும். மறுபடி வரும், மறுபடி கொடுப்பேன். தோட்டத்தில் யாருக்குத்தான் அது இல்லை? கொயினா என்று சொன்னவனுக்கும் காய்ச்சல் இறங்கியது, முறையாகக் குவினைன் என்று சொன்னவனுக்கும் இறங்கியது, அந்த மருந்துக்கு உச்சரிப்பு முக்கியமில்லை. ஒருநாள் காலையில் பின்கட்டிலிருந்து அவள் என்னைக் கூப்பிட்டாள். “இங்க வந்து பாருங்க, எனக்கு பயமா இருக்கு” என்றாள். மூத்திரம் வரக்காப்பி நிறத்தில் இருந்தது. கண் மஞ்சள் பூத்திருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் அந்த நிறத்தை நான் முன்பே பார்த்தவன். லயத்து சனங்கள் அதைக் கறுப்பு மூத்திரக் காய்ச்சல் என்பார்கள். வந்தவர்களில் எழுந்து நடந்தவர்கள் குறைவு. கொயினாவை நிறுத்தினேன், அவளை அசையாமல் படுக்கவைத்தேன், பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்கு உட்காரச் சொல்லிவிட்டு ஆபீசுக்கு ஓடினேன்.

கிள்ளானில் டாக்டர் டெலிபோனை எடுத்தார். இப்போது நீ உட்காரப்போகிற அதே வேலையில் இருந்தவர். வெள்ளைக்காரர், பேர் எதற்கு, போய்ச் சேர்ந்துவிட்டார். நான் இங்கிலீஷில்தான் பேசினேன். “சார், மூத்திரம் கறுப்பாகப் போகிறது, உடனே வரவேண்டும்” என்றேன். “கறுப்பா? இதென்ன கூலிக்காரன் பேச்சு? நீ டிரஸ்ஸர்தானே? அதற்கு முறையான பெயர் உண்டு, அதைச் சொல்” என்றார். எனக்குத் தெரிந்த சொல்தான், பிரித்து வைத்திருந்த சொல்தான். ஏழு துண்டு. ஹீ, மோ, குளோ, பி, நூ, ரி, யா. ஒன்றையும் விடாமல் சொன்னேன். “என்னது?” என்றார். மறுபடி சொன்னேன். அவர் டெலிபோனை விலக்கிப் பிடித்து யாரிடமோ ஏதோ சொன்னார், அங்கே இன்னொருத்தர் சிரிக்கிற சத்தம் கேட்டது. “இன்னொரு தரம், கொஞ்சம் உரக்க” என்றார். உரக்கச் சொன்னேன். கிராணிமார் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு அவர் நிதானமாக, ரொம்பப் பிரியமாகவே, “டிரஸ்ஸர், கனம் ‘நூ’வில் இருக்கிறது. முன்னால் இருப்பதெல்லாம் ஓடி வரவேண்டும், ‘நூ’வில் ஏறி நிற்கவேண்டும், பிறகு இறங்கிவிட வேண்டும். எங்கே, சொல்” என்றார். நான் சொன்னேன். ஓடிவந்து, ‘நூ’வில் ஏறி, இறங்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஓர் இங்கிலீஷ் சொல்லைச் சொன்னதில்லை. “வெரி குட்!” என்றார். டெலிபோனை வைத்துவிட்டார்.

யாருக்கு என்று கேட்கவில்லை. எந்தத் தோட்டம் என்று கேட்கவில்லை. சொல் சரியாகிவிட்டது, அவர் வேலை முடிந்துவிட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். ஐயா சாப்பிடப் போய்விட்டார் என்றான் ஆபீஸ் பையன், பிறகு கிளப்புக்குப் போய்விட்டார் என்றான். துரையிடம் போய்க் காரைக் கேட்டேன். டாக்டர் சொல்லாமல் கார் தரமுடியாது, அசைத்துக் கொண்டுபோனால் வழியிலேயே போய்விடுவாள் என்றார். அதுவும் உண்மைதான், அதனால் அவரைத் திட்டவும் எனக்கு வழியில்லை. மறுநாள் பிற்பகல் டாக்டர் வழக்கமான சுற்றுக்கு வந்தார். அதற்குள் உன் அம்மாவை லயத்துப் பெண்கள் குளிப்பாட்டி வைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. “ஆ, நம்ம ஹீமோகுளோபிநூரியா!” என்றார், சிரித்த முகத்தோடு. அப்போதும் அது யார் என்று அவருக்குத் தெரியாது. பெரிய கிராணிதான் காதில் சொன்னார். டாக்டர் தொப்பியைக் கழற்றினார். நல்ல மனுஷர்தான். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது. கெட்டவனாக இருந்திருந்தால் வைதுவிட்டு மறந்திருப்பேன்.

நீ இப்போது என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். டாக்டர் அல்லவா. அந்தக் காய்ச்சலுக்கு அன்றைக்கு மருந்தே கிடையாது, அவர் உடனே வந்திருந்தாலும் உங்களுக்குமேல் ஒன்றும் செய்திருக்க முடியாது என்பாய். சரி, ஒத்துக்கொள்கிறேன். அவர் வந்து பிழைக்கவைத்திருப்பார் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் அன்று முழுக்க அவள் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். மோட்டார் சத்தம் கேட்கிறதா என்று பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். “வராரா? சொன்னீங்களா? சரியா சொன்னீங்களா?” என்று என்னைக் கேட்டாள். சரியாகத்தான் சொன்னேன் என்றேன். பொய்யில்லை, ‘வெரி குட்’ வாங்கிய சொல். அவள் கேட்டதற்கு உன் புத்தகத்தில் என்ன பதில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்.

இப்போது ஒன்று கேட்கிறேன். அழுத்தம் எங்கே விழவேண்டும் என்று எனக்குத் தெரியாதென்றா நினைத்தாய்? லேபரேட்டரியைத் திருத்திக்கொண்டேன். மைக்ராஸ்கோபியைத் திருத்திக்கொண்டேன். நீ சொல்லிக்கொடுத்ததையெல்லாம் திருத்திக்கொண்டேன். இந்த ஒரு சொல்லை மட்டும் ஏன் இத்தனை வருஷமாக உலக்கை போட்டு இடிக்கிறேன் என்று உனக்கு ஒருநாளும் தோன்றவில்லையா? அதைச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியும். பாடம் எடுத்தவர் அப்படிப்பட்டவர். சரியாகச் சொல்லக்கூடாது என்று அவளைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கு முடிவு செய்தேன். அந்தச் சொல்லில் எந்தத் துண்டையும் நான் ஓடவிடமாட்டேன், விழுங்கமாட்டேன். ஏழையும் ஒவ்வொன்றாக, முழுசாகச் சொல்வேன். உன் பாஷையில் அது பிழை. என் வீட்டில் அது துக்கம். நீ அந்தத் துக்கத்தைத்தான் கூடத்தின் நடுவில் வைத்து ஆட்டிக்காட்டினாய், தம்பி. தெரியாமல் செய்தாய், உண்மை. ஆனால் தெரியாத ஒன்றை எடுத்து ஆட்டுவதற்கு உனக்கு அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது? இதை நான் முன்பே சொல்லியிருந்தால் அந்த மொழிமேல் உனக்கு வெறுப்பு வந்திருக்கும், படிப்பு ஏறியிருக்காது என்று அடக்கிவைத்தேன். வெறுப்பு வரவில்லை. நல்லது. ஆனால் அந்த டாக்டரின் சிரிப்பு அப்படியே வந்து உன் வாயில் உட்கார்ந்துகொண்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

கல்யாணத்துக்கு வருவேன். தாலி எடுத்துக்கொடுக்க இங்கிலீஷ் தேவையில்லை. சாயந்தரம் டீ பார்ட்டிக்கு இருக்கமாட்டேன், தோட்டத்தில் வேலை இருக்கிறது என்று சம்பந்தியிடம் சொல்லிக்கொள்கிறேன். அவர் புரிந்துகொள்வார், அன்றைக்கே புரிந்துகொண்டவர். நீ வந்து சமாதானம் செய்யவேண்டாம். ‘தெரியாமப் போச்சுப்பா’ என்று கேட் ஓரத்தில் நின்று சொல்வாய், நானும் தலையாட்டுவேன், அதோடு முடிந்துவிடும். அது முடியக்கூடாது.

நீ கிள்ளானில் வேலைக்கு உட்கார்ந்தபின் ஒருநாள் டெலிபோன் அடிக்கும். தோட்டங்களில் இருக்கிற எந்த டிரஸ்ஸரும் உன்னைப்போல் பேசமாட்டான். ஒருவன் அழுத்தவேண்டியதை விழுங்குவான், ஒருவன் விழுங்கவேண்டியதை அழுத்துவான், ஒருவனுக்குச் சொல்லே வராது, கறுப்பாகப் போகிறது என்பான். முதலில் யாருக்கு, எந்தத் தோட்டம் என்று கேள். காரை எடு. அவன் சொல்லைத் திருத்த ஆசையாக இருந்தால் திரும்பி வரும்போது திருத்திக்கொள், நோயாளி உயிரோடு இருந்தால் அவனுக்கும் சிரிப்பு வரும். ஒருநாள் என் தோட்டத்திலிருந்தும் அடிக்கும். நான் அப்பா என்று சொல்லமாட்டேன், பெயரும் சொல்லமாட்டேன். உனக்குத் தெரிந்த அந்தக் குரலில், அந்தச் சொல்லை, அதேபோல் இடித்துச் சொல்வேன். அப்பா கூப்பிடுகிறார் என்று நீ ஓடிவந்தால் அதில் எனக்கு ஒன்றுமில்லை, அப்பனுக்கு எவனும் வருவான். தோட்டத்தில் இருக்கிற ஒரு டிரஸ்ஸர் என்றே நினைத்துக்கொள். அவனுக்கு நீ வருகிறாயா என்று பார்க்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா